நாலு பக்கமும் மறைக்கிற கிளாஸ்

உக்காருங்கக்கா. அந்த ஸ்டூலுக்கு ஒரு காலு லேசா ஆடும், சுவத்தோட சேத்துப் போட்டுக்கங்க. பத்து நிமிஷம் ஆகும். இது மத்த கிளாஸ் மாதிரி எடுத்து ஒட்டிட்டு அனுப்புறது கிடையாது. பசை ஊத்தி ஒட்டணும், அப்புறம் இந்த நீல லைட்டுக்கு அடியில வச்சுக் காயவிடணும். அவசரப்பட்டா ஓரத்துல பபுள் நின்னுரும்.

பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மெசேஜ் தெரியக் கூடாது, அதானே? பிரைவசி கிளாஸ். அதுல ரெண்டு தினுசு இருக்குக்கா. ரெண்டு பக்கம் மறைக்கிறது ஒண்ணு, நாலு பக்கமும் மறைக்கிறது ஒண்ணு. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பாக்காம இருந்தாப் போதும்னா ரெண்டு பக்கம் போதும். வீட்டுக்குன்னா நாலு பக்கம்தான் வாங்கணும். ஏன்னு கேளுங்க. இந்த போடி ஊருல என்னைத் தவிர வேற எந்தக் கடைக்காரனும் அதைச் சொல்ல மாட்டான்.

யாருக்குத் தெரியக் கூடாதுன்னு நான் கேக்க மாட்டேன். அது உங்க சொந்த விசயம். பதினோரு வருசமா பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல கடை வச்சிருக்கேன், தவமணின்னா தெரியாத ஆளு கிடையாது. எத்தனை ஆயிரம் போன் இந்தக் கையில வந்து போயிருக்கும்? ஒண்ணைத் திறந்து படிச்சிருப்பேனா? கண்ணுல படுறது வேற. கண்ணை மூடிக்கிட்டு டிஸ்பிளே மாத்த முடியுமா, நீங்களே சொல்லுங்க.

லாக் நம்பரைச் சொல்லிருங்க, ஒட்டுனப்புறம் டச் செக் பண்ணணும். சரி, நீங்களே திறந்து குடுங்க, அதுவும் சரிதான். லாக் ஆகாத மாதிரி நான் செட்டிங்ல மாத்தி வச்சுக்கிறேன்.

உங்களை மாதிரியேதான்க்கா என் வீட்டுக்காரியும் வந்து கேட்டா. வாசுகி. ஏலக்காய் கோடவுன்ல காய் தரம் பிரிக்கப் போறா. போறாங்கிறதா, போனாங்கிறதா, இப்ப எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. தை மாசம். கடையில நாலு பேரு நிக்கிறாங்க. வேலை விட்டு நேரா வந்து, இதோ நீங்க நின்ன அதே இடத்துல நின்னுக்கிட்டு, "எனக்கும் ஒரு பிரைவசி கிளாஸ் ஒட்டிக் குடுங்க"ங்கிறா. வீட்டுல கேக்கலை பாருங்க. கடையில, கூட்டத்துல. வீட்டுல கேட்டா நான் ஏன் எதுக்குன்னு கேப்பேன், நாலு பேருக்கு முன்னாடி கேக்க மாட்டேன்னு தெரிஞ்சே வந்திருக்கா.

நான் சிரிச்சேன். கஸ்டமருக முன்னாடி வேற என்ன செய்ய? ஆனா உள்ள சுருக்குன்னுச்சு. தினம் பத்துப் பேருக்கு நான் ஒட்டுறேன். "பிரைவசி ரொம்ப முக்கியம் சார், நம்ம போன் நம்மோடது"ன்னு வாய் வலிக்கப் பேசித்தான் விக்கிறேன். அதுக்காக என் வீட்டுக்குள்ள வரணுமா? புருசன் பொண்டாட்டிக்குள்ள மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?

எங்க வீட்டுல அந்த மாதிரி வழக்கமே கிடையாதுக்கா. அவ போனை வாங்கிக் குடுத்தது நான். லாக் வச்சது நான். விரல் ரேகை பதியிறப்ப அவ விரல் ரெண்டு, என் கட்டைவிரல் ஒண்ணுன்னு சேத்தே பதிஞ்சேன். சாயங்காலம் கடையை அடைச்சுட்டுப் போயி, காபி குடிச்சுக்கிட்டே ஒரு தடவை அவ போனைப் பாப்பேன். சந்தேகம்னு நினைச்சுராதீங்க. பேப்பர் படிக்கிற மாதிரி. அவளும் ஒண்ணும் சொன்னது கிடையாது. டம்ளரை வச்சுட்டுப் பக்கத்துலயே போனையும் வச்சுட்டுப் போவா.

என் போனா? அது எப்படிக்கா அவ பாக்குறது? அது கடைப் போன். கஸ்டமருக விசயம் இருக்கும்.

சரி, கிளாஸுக்கு வருவோம். ஒட்டுனேன். ரெண்டு பக்கம் மறைக்கிறதைத்தான் ஒட்டுனேன். இதுக்குத்தான் உங்ககிட்ட ஆரம்பத்துலயே சொன்னது. ரெண்டு பக்கக் கிளாஸு வலப்பக்கம் இடப்பக்கம் இருந்து பாத்தாக் கருப்பா இருக்கும். ஆனா மேல இருந்து, தலைக்குப் பின்னாடி இருந்து பாத்தா பளிச்சுன்னு தெரியும். அவளுக்கு அது தெரியாது. சாயங்காலம் சீரியல் ஓடுறப்ப அவ கட்டில்ல முதுகைச் சாச்சுக் கீழ உக்காந்திருப்பா. நான் கட்டில் மேல படுத்திருப்பேன். அவ உச்சந்தலைக்கு மேல என் கண்ணு. மேல இருக்கிற பேரு நல்லாத் தெரியும், மெசேஜுதான் பொடி எழுத்து, முழுசாப் படிக்க முடியாது.

தொழில் தெரிஞ்சவன் செய்யிறதுதானேக்கா. சிரிக்காதீங்க. ஓ, சிரிக்கலையா. சரி.

டெய்லரக்காங்கிற பேருல ஒரு ஆளு. அந்த டெய்லரக்காவுக்கு எங்க வீட்டுக்காரி முக்கா மணி நேரம் மெசேஜ் போடுறா. முக்கா மணி நேரம் பேசுறதுக்கு ஒரு ஜாக்கெட்டுல என்னக்கா இருக்கு? அதுவும் சிரிச்சுக்கிட்டே போடுறா. சத்தம் வராது, தோளு மட்டும் குலுங்கும். அதுதான் எனக்குத் தாங்கலை. எட்டு வருசமாச்சு கல்யாணமாயி. நான் சொல்ற சோக்குக்கு அவ உதட்டை லேசா இழுப்பா, அவ்வளவுதான். தோளு குலுங்குனது கிடையாது. அந்தத் தோளைப் பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். எவன்டா அவன், என் வீட்டுக்குள்ள உக்காந்து என் பொண்டாட்டியைச் சிரிக்க வைக்கிறவன்னு இருக்கும்.

காலையில பாத்தா அந்த மெசேஜ் ஒண்ணும் இருக்காது. படுக்கிறதுக்கு முன்னாடியே துடைச்சுருவா. துடைக்க மறந்தாலும் இருபத்து நாலு மணி நேரத்துல தானா அழியிற மாதிரி வேற வச்சிருக்கா. அதை அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நான் சொல்லலை. நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் சார்ஜ் எப்பப் போடணும்ங்கிறதுதான்.

டெய்லரக்கா நிசமாவே இருக்காங்களான்னு ஒரு நாளு போயிப் பாத்தேன். அவ வழக்கமா ஜாக்கெட் தைக்கக் குடுக்கிறவங்க, சுப்புராஜ் நகர் பக்கம். ஒரு ஜாக்கெட் துணியைக் கையில எடுத்துக்கிட்டுப் போனேன், சும்மா போக முடியாதுல்ல. இருக்காங்க. அறுபது வயசு இருக்கும், மூக்குக் கண்ணாடி. மிசினு மேல பட்டன் போன் இருக்கு. "அக்கா, வாட்ஸ்அப் இருக்கா"ன்னு கேட்டேன். "அதெல்லாம் என் மருமகளுக்குத்தான் தெரியும், அளவு ஜாக்கெட் எங்கப்பா"ங்கிறாங்க. நான் திரும்பி நடந்து வந்தேன். அப்ப வேற எவனோ ஒருத்தன்தான்னு முடிவு பண்ணிட்டேன். கோடவுன் சூப்பர்வைசரா, ஆட்டோக்காரனா, எதுத்த வீட்டு மாடியில குடிவந்தவனா? எல்லாப் பய மூஞ்சியையும் ஒவ்வொண்ணா நினைச்சுப் பாத்தேன். எல்லாம் என்னை விட நல்லாத்தான் இருக்கானுக.

உங்க போனு டிங்குங்குதுக்கா. வீட்டுக்காரரு போல, 'எங்க இருக்க'ன்னு கேக்குறாரு. நான் படிக்கலை, மேல வந்துச்சு. இன்னொண்ணு வந்துருச்சு. 'எத்தனை தடவை கேக்குறது.' லைட்டுக்கு அடியில இருக்கு, இப்ப எடுக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பதில் போட்டுக்கலாம். பாவம், அக்கறையா கேக்குறாரு.

எங்க விட்டேன்? ஆங். அவ குளிக்கப் போனப்ப அவ போனை எடுத்து, என் கட்டைவிரலை வச்சு, அவ வாட்ஸ்அப்பை இந்தா இந்தக் கடைக் கம்ப்யூட்டர்ல இணைச்சுக்கிட்டேன். ஒரு நிமிஷ வேலை. அவ கோடவுன்ல இருந்து மத்தியானம் சாப்புடுறப்ப என்ன போடுறாளோ, அது இங்க வந்து விழும். அழியிறதுக்கு முன்னாடி நான் படிச்சுருவேன். தப்புதான்னு ஒரு ஓரத்துல தெரியும். ஆனா மனசு கேக்கலைக்கா. எவன்னு தெரிஞ்சாகணும். ஆள் யாருன்னு தெரியாம பொறாமைப்படுற மாதிரி ஒரு நரகம் கிடையாது.

ரெண்டு நாளு மெசேஜைப் படிச்சதுலயே ஆளு தெரிஞ்சுச்சு. ஆம்பளை இல்லைக்கா. ஜெபராணி.

கூடப் படிச்சவ. கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸு. கல்யாணமான புதுசுல தினம் ஒரு மணி நேரம் போன்ல பேசுவாளுக. குடும்பத்துக்கு ஆகுமான்னு நான்தான் அந்த நம்பரை அழிச்சேன். அழிச்சதை அப்பவே மறந்தும் போயிட்டேன். அவதான் எட்டு வருசம் கழிச்சு டெய்லரக்காவா வந்து உக்காந்திருக்கா.

நிம்மதியா இருந்திருக்கணும்ல? அதான் இல்லை. ஆம்பளைன்னா போயி சட்டையைப் பிடிச்சு நாலு அறை விட்டு முடிச்சிருப்பேன். ஊரும் என் பக்கம் நின்னுருக்கும். ஒரு பொம்பளை மேல, அதுவும் சிநேகிதி மேல பொறாமைன்னு எவன்கிட்டப் போயிச் சொல்றது? சொன்னா சிரிப்பான். உங்ககிட்டதான் முதமுதலாச் சொல்றேன்.

என்ன பேசிக்கிறாளுகன்னு கேக்குறீங்களா? ஒண்ணுமில்லை. அதான் எரிச்சலே. கோடவுன்ல ஒரு பூனை குட்டி போட்டுச்சாம், காய் மூட்டைக்கு நடுவுல. சூப்பர்வைசரு நாற்காலியில இருந்து விழுந்தாராம். மாசியில இவளுக்கு மூணு நாளு காய்ச்சலாம். காய்ச்சலோட வேலைக்குப் போயிருக்கா. எனக்குத் தெரியாதுக்கா! ஒரே வீட்டுல இருக்கேன், ஒரே சட்டியில திங்கிறேன், எனக்குத் தெரியாது. அங்க நூறு மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவ மாத்திரை பேரு சொல்லி, நேரத்துக்குப் போட்டியா போட்டியான்னு கேக்குறா. படிச்சுட்டு எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. எங்கிட்ட ஏன் சொல்லலை? நான் என்ன மிருகமா?

என்னைப் பத்தியும் இருக்கும். "இன்னிக்கு மூணு தடவை எடுத்துப் பாத்தாரு." "தூங்குற மாதிரி தலைக்கு மேல பாத்துக்கிட்டே இருக்காரு, முதுகு கூசுது." எனக்குத் திக்குன்னுச்சு. கிளாஸ் விசயம் அவளுக்குத் தெரிஞ்சே இருக்கு! தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலை. அதுக்கு அந்த ஜெபராணி போடுறா: "உனக்கு எப்ப முடியலைன்னு தோணுதோ, அப்பக் கிளம்பி வா. என் வீட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கிடக்கு." எப்படி இருக்கும் எனக்கு? என் குடும்பத்தைப் பிரிக்கிறதுக்கு ரூமைக் கூட்டிப் பெருக்கி வச்சிருக்கா பாருங்க.

அப்பவும் நான் சண்டை போடலைக்கா. அதைக் குறிச்சுக்கங்க. நான் வேற முடிவு பண்ணேன். அந்த ஜெபராணியை விட நான்தான் வாசுகியை நல்லாப் பாத்துக்குவேன்னு காட்டணும். அவ என்ன கேக்குறாளோ, வாய் திறந்து கேக்குறதுக்கு முன்னாடியே நான் கொண்டாந்து வைக்கணும். ஒரு புருசன் இதுக்கு மேல என்ன யோசிக்க முடியும்?

பங்குனியில ஒரு நாளு மத்தியானம் போட்டிருக்கா, "கொடுக்காப்புளி திங்கணும் போல இருக்குடி. பள்ளிக்கூடத்து வாசல்ல வாங்கித் தின்னது. இங்க கண்ணுலயே படலை." படிச்ச உடனே கடையைச் சாத்துனேன். போடி முழுக்கச் சுத்துனேன், கிடைக்கலை. பைக்கை எடுத்துக்கிட்டுத் தேனி போயி, ஆண்டிபட்டி வரைக்கும் போயி, ஒரு கிழவிகிட்ட இருந்த கூடையில பாதியை வாங்கியாந்தேன். நல்லா வெடிச்சது, சிவப்பும் வெள்ளையுமா. ஒரு தட்டுல கொட்டி அவ முன்னாடி வச்சேன். கல்யாணமாயி அன்னிக்குத்தான்க்கா எனக்கு ஏதோ பரிசு வாங்குன பிள்ளை மாதிரி நெஞ்சு அடிச்சுச்சு.

அவ தட்டைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. முகத்துல ஈயாடலை. "யாரு சொன்னா?"ன்னு கேட்டா. "யாரு சொல்லணும்? உனக்குப் பிடிக்கும்னு தோணுச்சு"ன்னேன். ஒண்ணு கூட எடுத்து வாயில வைக்கலைக்கா. போக வர அறுபது கிலோமீட்டருக்கு மேல வெயில்ல அலைஞ்சு வாங்கியாந்தது. மறுநாள் எறும்பு மொய்ச்சுப் போயி நானே அள்ளிக் கொட்டுனேன். நன்றி கெட்டவள்னு நினைச்சேன். நினைச்சேன், சொல்லலை.

ரெண்டு நாளு மெசேஜே வரலை. மூணாம் நாளு வந்துச்சு. "வீட்டுல சீனி தீந்து போச்சுடி. காலையில இருந்து காபி இல்லை. அவருகிட்ட வாங்கியாரச் சொல்ல மனசு வரலை." எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஒரு கிலோ சீனி கேக்குறதுக்குக் கூடவா எங்கிட்ட மனசு வரலை? நல்ல சீனியா ரெண்டு கிலோ வாங்கிக்கிட்டு, கடையைக் கூட நேரத்தோட அடைச்சுட்டுப் போனேன். "சீனி இல்லைல்ல, இந்தா"ன்னு நீட்டுனேன்.

அவ நேரா அடுப்படிக்குப் போயி சீனி டப்பாவை எடுத்தாந்து, என் முன்னாடி மூடியைத் திறந்தா. விளிம்பு வரைக்கும் சீனி. கொட்டுற மாதிரி இருக்கு. நான் பையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன், அவ டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறா. "காபிக்கு எத்தனை கரண்டி போட?"ன்னா. திட்டியிருந்தாக் கூடப் பரவாயில்லைக்கா.

எப்படிப் புத்தி போகுது பாருங்க. கட்டுன புருசனுக்கு சீனியை வச்சுக் கண்ணி வைக்கிறா. ஏமாத்துனது யாரு? நானா, அவளா? இல்லாத சீனியை இல்லைன்னா பரவாயில்லை, இருக்கிற சீனியை இல்லைன்னு எழுதுறது பொய் இல்லையா?

மறுநாள் காலையில கம்ப்யூட்டர்ல அவ வாட்ஸ்அப் வெளிய வந்து கிடந்துச்சு. எல்லாத்தையும் அத்து விட்டிருக்கா. கொஞ்ச நேரத்துல அவளே வந்தா, தோள்ல ஒரு பை. பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழிதானே. இங்க நின்னு, என் கண்ணு முன்னாடி அந்தக் கிளாஸை நகத்தால நெம்பி எடுத்தா. நுனி உடைஞ்சு விரல்ல கீறி ரத்தம் வந்துச்சு, அதைக் கூடப் பாக்கலை. கவுண்டர் மேல வச்சா. "இது வேண்டாங்க. இனிமே இது எனக்குத் தேவைப்படாது"ன்னுட்டுப் போயிட்டா. திரும்பிப் பாப்பா, பாப்பான்னு நின்னேன். கோவில்பட்டி போறவ மதுரை பஸ்ஸுல ஏறி, சன்னல் சீட்டுல உக்காந்து, போனை எடுத்தா. தோளு குலுங்குச்சு. சிரிச்சாளா அழுதாளான்னு இங்க இருந்து தெரியலை.

இந்தாப் பாருங்க, டிராயர்ல வச்சிருக்கேன் அந்தக் கிளாஸை. இப்பவும் மூக்குகிட்டக் கொண்டு போனா லேசா ஏலக்காய் வாசனை. எனக்கு மட்டும்தான் வருதோ என்னமோ.

ரெண்டு மாசமாச்சுக்கா. என் நம்பரை பிளாக் பண்ணிட்டா. புது சிம் வாங்கிப் போட்டேன், அதையும் பண்ணிட்டா. மூணாவது சிம்முக்கும் அதே கதி. போட்டோ இருந்த இடத்துல வெறும் சாம்பக் கலர்ப் பொம்மை. ஒத்த டிக்கோட நிக்கிது நான் போட்டதெல்லாம். அவ வரணும்க்கா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வீட்டுக்குப் போனா டிவி சத்தம் மட்டும் இருக்கு. வந்தா இனிமே அவ போனைத் தொடக்கூட மாட்டேன். என் கட்டைவிரல் ரேகையை அழிச்சுக்க, கிளாஸ் வேணும்னா நாலு பக்கத்துக்கும் நானே ஒட்டித் தாறேன்னு சொல்லலாம்னா, சொல்றதுக்கு வழியில்லை. சத்தியமாத் திருந்திட்டேன்.

ஆங், ஆயிருச்சு. எடுத்துருவோம். ஓரமெல்லாம் சுத்தமா உக்காந்திருக்கு பாருங்க. ஒரு நிமிஷம், டச் செக் பண்ணிடுறேன். நம்பரு அடிச்சுப் பாத்தாத்தான் ஒவ்வொரு பட்டனும் வேலை செய்யுதான்னு தெரியும். ஒன்பது... எட்டு... நல்லா எடுக்குது. சேமிக்கவும் செய்யுது. வாட்ஸ்அப் திறக்குதான்னு... திறக்குது.

கோவிச்சுக்காதீங்கக்கா. எனக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பரு அது ஒண்ணுதான், விரலு தானாப் போயிருச்சு. மெசேஜ் ஒண்ணும் போடலை. சத்தியமாப் போடலை. போட்டோவை மட்டும் ஒரு தடவை பாத்துட்டு அழிச்சுருவேன். உங்க நம்பரை அவ பிளாக் பண்ணலைல்ல, அதான் தெரியுது.

வாசுகிதான். மாத்திட்டா போட்டோவை. தலையை வாரக் கூட இல்லை, காத்துல பறக்குது. ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு நிக்கிறா, கை நிறையக் கொடுக்காப்புளி. வாயிலயும் இருக்கு, கன்னம் உப்பிக் கிடக்கு. சிரிக்கிறா. இந்தச் சிரிப்புதான்க்கா நான் சொன்னது, தோளு குலுங்குற சிரிப்பு. இதுதான்.

ஆனா ஒண்ணு பாருங்க. ரெண்டு கையும் தெரியுது. அப்ப இதை எடுத்தது யாரு?

ஜெபராணின்னு சொல்ல வர்றீங்களா? எப்படிச் சொல்றீங்க? இந்தா, கீழ ஓரத்துல எடுத்த ஆளோட நிழலு விழுந்திருக்கு. பெருசு பண்றேன், பாருங்க. தோளைப் பாருங்க, அகலமா இல்லை? இது பொம்பளைத் தோளா? நர்ஸுன்னா தலைமுடியைக் கொண்டை போட்டிருக்க மாட்டாளா? எங்க கொண்டை? இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணா... இருங்கக்கா. இழுக்காதீங்க போனை. பசை இன்னும் சரியாக் காயலை.